நங்கூரம் போட்ட திருட்டு

பத்திரிகையில் வந்த போட்டோவில் ராசப்பனின் முழங்கை மட்டும்தான் விழுந்திருந்தது.

போன வாரம் கொச்சியில், தோப்பும்படித் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருடனைப் பிடித்தது தனியார் துப்பறிவாளர் ராசப்பன். மூன்று நாள் மீன் கூடைகளுக்கு நடுவே குந்தியிருந்து முதுகுவலி வாங்கிக்கொண்டதும் அவர்தான். மலையாளப் பத்திரிகைக்காரன் வந்த நேரம் பார்த்து மனுஷன் வெற்றிலை துப்பப் போய்விட்டார். அவருடைய உதவியாளர் ஷபானா மூன்று பத்தி அகலத்துக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்; ஓரத்தில் ஒரு முழங்கை. ராசப்பனுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான். இருந்தாலும் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் இன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கினார். சுக்கு வாடை மூக்கைத் துளைத்தது. பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் வாசலில் பெரிய பலகை தொங்கியது: "கடற்கொள்ளையர்: அன்றும் இன்றும்."

டிக்கெட் மேஜைக்குப் பின்னால் தங்க பிரேம் கண்ணாடியும் நெற்றியில் சந்தனமுமாக ஒருவர் எழுந்தார். ராமபத்ரன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் பழம்பொருள் கடை. இந்தக் கண்காட்சி அவருடையது.

"பேப்பர்ல வந்த குட்டிதானே நீ?" என்று ஷபானாவைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு ராசப்பன் பக்கம் திரும்பி, "இவர் யாராக்கும்?" என்றார்.

"முழங்கை" என்றாள் ஷபானா.

ராசப்பன் பல்லைக் கடித்தார். "காணாமப் போனது என்ன? அதைச் சொல்லும்."

"திசைகாட்டி. பித்தளை. உள்ளங்கையிலே அடங்கும், மூடி போட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலே இந்தக் கரையைக் கலக்கின ஒரு வெள்ளைக்காரக் கொள்ளைக்காரன் மடியிலே வச்சிருந்தது. பச்சைப் பாசி மாதிரி களிம்பு பிடிச்சிருக்கும். அந்தப் பாசிக்கே தனி மதிப்பு. யாரையும் துணியாலே துடைக்கக்கூட விட்டதில்லை."

எந்தப் பித்தளைக் கடையில் வாங்கினதோ என்று ராசப்பன் மனதில் நினைத்துக்கொண்டார். யார் எது சொன்னாலும் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் மீதியைக் கேட்பது அவர் வழக்கம்.

"எப்பப் போச்சு?"

"ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவிலே. சாப்பாட்டு நேரம். ஜனங்களை வெளியே அனுப்பிட்டு, வாசலைப் பூட்டி, சாவியை இடுப்பிலே சொருகிண்டு இங்கேயேதான் கண்ணசந்தேன். உள்ளே இருந்தது இங்கே கதை சொல்ற மாரிச்செல்வமும், சாயாக் கடை வச்சிருக்கற அவன் ஆம்படையாளும். அவள் பாவம், முழு நேரமும் பாத்திரம் தேய்ச்சுண்டிருந்தா. சரக்கு சரக்குன்னு சத்தம், தூங்கவே விடல்லை. அப்போ மிச்சம் யாரு? அவனாக்கும் எடுத்தது. சாமான் வெளியே போகல்லை. போறவா வர்றவா பையெல்லாம் நானே துழாவறேன், பெத்த தாய் வந்தாலும் துழாவுவேன்."

இந்த ஒரு விஷயத்தில் ராசப்பனுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்" என்றார் ராமபத்ரன். "அதுக்குள்ளே வரல்லைன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட். அவன் பேரை எழுதித்தான் கொடுப்பேன்."

உள்ளே கிடங்கை நீளவாக்கில் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். இடப்பக்கம் 'அன்று': துருப்பிடித்த வாள்கள், இரும்புப் பட்டை அடித்த மரப்பெட்டி, செல்லரித்த வரைபடம், மூடி திறந்து கிடந்த ஒரு வெறும் கண்ணாடிப் பெட்டி. வலப்பக்கம் 'இன்று': நசுங்கிய அலுமினியச் சட்டி, கிழிந்த லுங்கி, ஆணியால் முந்நூற்று முப்பத்தோரு கோடு கீறிய ஒரு தட்டு. அதற்குப் பக்கத்தில் ஸ்டூலில் மாரிச்செல்வம். அவனும் காட்சிப்பொருள்தான்.

தூத்துக்குடிக்காரன், கப்பல் சமையல்காரன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிரிக்கக் கரையோரம் கொள்ளைக்காரர்கள் அவனுடைய கப்பலைப் பிடித்துப் பதினோரு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தவன் கடல் பக்கமே தலை வைக்கவில்லை. மட்டாஞ்சேரியில் ஒரு ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவனை ராமபத்ரன்தான் கூட்டிவந்து உட்கார வைத்தார். உட்கார வைத்த நாளிலிருந்து ஜனம் இடப்பக்கம் திரும்புவதில்லை.

ராசப்பனைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். உதவி கேட்டு போன் போட்டது அவன்தான்.

"அண்ணாச்சி, நாளைக்கு விடியக்காலம் நெடும்பாசேரியில ஃபிளைட்டு. துபாய்ல கப்பல் ஏறணும். இங்க என் கதையக் கேட்ட கம்பெனிக்காரர் ஒருத்தர் கூப்பிட்டுக் குடுத்த வேலை. போலீஸ் கேஸுன்னு ஒரு வரி எழுதிட்டாப் போதும், வேற ஆளைப் பாத்துருவாங்க. இந்த வயசுக்கு மேல எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"நீ எடுத்தியா?"

"எம் மக ஸ்நேஹா மேல சத்தியமா இல்ல."

"மக மேல சத்தியம் பண்ணாத திருடனை நான் பாத்ததே இல்ல" என்றார் ராசப்பன். "போய் உன் வேலையைப் பாரு."

மூன்றரை மணிக் கூட்டம் உள்ளே வந்தது. திருட்டு நடந்தாலும் டிக்கெட் விற்பதை ராமபத்ரன் நிறுத்தவில்லை. களமசேரியிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் வாள்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாரிச்செல்வத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் தொண்டையைச் செருமினான்.

"பழைய காலத்துக் கொள்ளைக்காரன் கப்பல்ல ஏறுனா என்ன செய்வான்? வெட்டுவான், சரக்கை அள்ளுவான், ஓடிருவான். அள்ளுனதை எங்கயாவது தீவுல புதைப்பான். இப்ப உள்ளவன் அப்படி இல்ல. சரக்கைத் தொடவே மாட்டான். கப்பலோட ஆளுகளைக் கொண்டுபோய் அவன் ஊருக்கு முன்னாலயே நங்கூரம் போட்டுருவான். ஒளிக்க மாட்டான். விமானம் வந்து படம் புடிச்சுட்டுப் போவும், உலகமே பாக்கும். அவன் பாட்டுக்குப் போதை இலையை மென்னுக்கிட்டு உக்காந்திருப்பான். கேட்டது கிடைக்கணும், அவ்வளவுதான்."

"பட்டினி போட்டாங்களா சேட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"செத்த ஆளுக்கு விலை ஏது? நல்லாத்தான் வச்சிருந்தாங்க. நான் வச்ச மீன் குழம்புக்குப் பதினாலு பேரும் அடிமை. அப்தி, நூர், ஃபாரா, சின்ன யூசுப்..." விரல் மடக்கிப் பதினாலு பேரையும் சொன்னான். "என்னை விடும்போது சின்ன யூசுப் அழுதான்."

முற்றத்துச் சாயாக் கடையில் கெட்டில் ஒன்று 'டங்' என்று அடுப்பில் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

"அந்தப் பேரைச் சொல்லும்போது கெட்டிலுக்கு வலிக்குது, கேட்டீங்களா அண்ணாச்சி?" என்று ஷபானா கிசுகிசுத்தாள்.

ராசப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தனியாக நின்ற ராமபத்ரன் மேல் இருந்தது. ஆளில்லாத வாள்களுக்கு நடுவே நின்று கை தட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அந்தக் கோணலை ராசப்பனுக்குத் தெரியும். ஒரு வாரமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தூணுக்குப் பின்னால் ராமபத்ரனைத் தள்ளிக்கொண்டு போனார்.

"சாமி, திசைகாட்டியை எங்க வச்சிருக்கீரு?"

"என்ன பேசறீர் ஓய்?"

"உம்ம பக்கம் ஈ காக்கா இல்ல. அவன் பக்கம் திருவிழா. படிச்ச மனுஷன் நீரு, பரோட்டாக்காரன் பேரு வாங்குதான். அவன் மேல பழி விழணும்னு உம்ம சாமானை நீரே மறைச்சுட்டீரு."

ராமபத்ரன் முகம் சிவந்தது. சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அசூயை உண்டு. இல்லைன்னா சொல்றேன்? முப்பது வருஷம் தேடித் தேடிச் சேர்த்தது எல்லாம். ஒருத்தனும் பார்க்கல்லை. அவனோட நசுங்கின சட்டியைத் தொட்டுக் கும்பிடறா! ராத்திரி எனக்குத் தூக்கம் வரல்லை. ஆனா ஓய், நான் ஒண்ணை எடுக்கறதுன்னா எதுக்கு என் திசைகாட்டியை எடுக்கணும்? அந்த அலுமினியச் சட்டியைன்னா எடுத்துக் காயல்லே வீசியிருப்பேன்!"

ராசப்பன் அந்தச் சட்டியை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

நியாயம்தான். ஷபானாவின் போட்டோவைக் கிழிக்க வேண்டும் என்று அவருக்கு எத்தனை முறை கை துடித்திருக்கிறது? தன் வெற்றிலைப் பையைத் தானே தொலைக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வயிறு எரிகிறவன் அடுத்தவனிடம் இருப்பதைத்தான் அழிப்பான்.

"ஷபானா" என்றார், தூணில் சாய்ந்துகொண்டு. "இந்தத் திருட்டால யாருக்கு என்ன கிடைக்கும்?"

"வித்தா விலை கிடைக்கும். ஆனா விக்கணும்னா வாசலைத் தாண்டணும். வாசல்ல இந்த மாமா நிக்காரு. அப்ப எடுத்தவங்களுக்கு விக்கிற எண்ணம் இல்ல."

"அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

"சேட்டன் சொன்னாருல்ல? பழைய ஆளு சரக்கை அள்ளிட்டு ஓடுவான். புது ஆளு சரக்கைத் தொட மாட்டான், புடிச்சு வச்சுக்கிட்டு வேற ஒண்ணு கேப்பான்." பேசிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அண்ணாச்சி, இது புதுக் கொள்ளை."

அது தன் வாயிலிருந்து வந்திருக்கக் கூடாதா என்று ராசப்பனுக்குச் சுருக்கென்றது. விழுங்கிக்கொண்டார். திசைகாட்டி காணாமல் போனால் நடக்கப்போவது என்ன? மாரிச்செல்வம் நாளைக்குக் கப்பல் ஏற மாட்டான். அவ்வளவுதான். பிடித்து வைத்திருப்பது பித்தளையை இல்லை, ஆளை. அப்படியானால் புதுக் கொள்ளைக்காரன் மாதிரி சாமான் ஒளிந்திருக்காது. எல்லாருக்கும் முன்னால் நங்கூரம் போட்டு நிற்கும்.

ஷபானா சொன்ன கெட்டில் இப்போதுதான் அவர் காதில் விழுந்தது. "வா, ஒரு சாயா குடிப்போம்" என்றார்.

முற்றத்து மூலையில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. மாரிச்செல்வத்தின் மனைவி மூக்கம்மாள் அடுப்பு முன்னால் நின்றாள். இரண்டு காகிதக் கப்பில் சாயா ஊற்றி வைத்தாள். ஒரு கெட்டில், ஒரு வடிகட்டி, ஒரு கரண்டி, காகிதக் கப் அடுக்கு. வேறு தட்டுமுட்டு எதுவும் இல்லை.

"இங்கயும் சாமி சோதனை போட்டாராம்மா?" என்று ஷபானா கேட்டாள்.

"தேயிலை டப்பாவுக்குள்ள கரண்டிய விட்டுக் கிண்டுனாரு. சீனியக் கொட்டிப் பாத்தாரு. அப்புறம் அம்மனுக்கு முன்னால நின்னு கண்ண மூடி வேண்டிக்கிட்டுப் போயிட்டாரு, சாமான் கெடைக்கணும்னு."

கடையின் பின்சுவரில் ஒரு பலகை. அதில் அம்மன் படம், வாடாத செம்பருத்தி, பிளாஸ்டிக் டப்பாவில் திருநீறு, காகிதப் பொட்டலத்தில் குங்குமம், பக்கத்தில் தகதகவென்று ஒரு பித்தளைச் சிமிழ், மூடியில் குங்குமம் தீற்றியது.

அடுப்புச் சூட்டில் மூக்கம்மாளின் நெற்றிப் பொட்டு வழிந்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரும்பி, விரலைக் காகிதப் பொட்டலத்துக்குள் விட்டுக் குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ராசப்பன் சாயாவைக் கீழே வைத்தார்.

"தாயி, சிமிழை இவ்வளவு பளபளன்னு வச்சிருக்க. குங்குமத்தைப் பொட்டலத்துல இருந்து எடுக்கியே?"

மூக்கம்மாளின் விரல் நெற்றியிலேயே நின்றது.

"இன்னொண்ணும் கேக்கணும்" என்றாள் ஷபானா. "காகிதக் கப்புல சாயா விக்கிறீங்க. ஒரு மணி நேரம் தேய்ச்சீங்களாமே, எந்தப் பாத்திரம்?"

மண்தொட்டிக்குப் பக்கத்தில் சக்கையாகக் கிடந்த புளி உருண்டையை ராசப்பன் செருப்பு நுனியால் காட்டினார். முந்நூறு வருஷப் பாசி முழுக்க அதில் இருந்தது.

மூக்கம்மாள் அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. அடுப்பைத் தணித்தாள்.

"நாளைக்கு ஃபிளைட்டு போனப்புறம் நானே எடுத்துப் பழைய எடத்துல வச்சிருப்பேன். யாருக்கும் ஒரு கீறல் விழுந்திருக்காது."

"புருசன் திருடன்னு பேரு வாங்கியிருப்பானே?"

"வாங்கட்டும். கண்ணு முன்னாடி இருப்பாருல்ல?" குரல் இப்போதுதான் உடைந்தது. "தெனம் ஆறு தடவ அந்தக் கதயச் சொல்லுதாரு. ஆறு தடவயும் கை தட்டுதாங்க. அந்தப் பதினோரு மாசத்துலதான் ஸ்நேஹா பொறந்தா. ஆஸ்பத்திரியில புருசன் பேரு கேட்டாங்க, சொன்னேன். எங்கன்னு கேட்டாங்க, சொல்லத் தெரியல. போனு அடிச்சா அவரு செத்துட்டாருங்குற சேதியோன்னு எடுக்க மாட்டேன், எடுக்காமலும் இருக்க மாட்டேன். என் பதினோரு மாசத்த ஒரு ஆளு கேட்டதில்ல. அவரே கேட்டதில்ல. அந்தப் பதினாலு பேரு பேரையும் வரிசையாச் சொல்லுதாரு. சின்ன யூசுப் அழுதானாம்! எம் மக பொறந்த நாளு கேளுங்க, முழிப்பாரு. இப்ப மறுபடியும் கடலு கூப்பிட்டுருச்சு. போறேன்னு சொன்னாரு. போகட்டுமான்னு கேக்கல."

"கேட்டிருந்தா?"

"தெரியாது. கேட்டாத்தான தெரியும்."

மணி நாலே முக்கால். ராமபத்ரன் முற்றத்துக்கு வந்துவிட்டார், கையில் எழுதி வைத்த புகார்க் காகிதம். பின்னாலேயே மாரிச்செல்வமும் வந்தான், முகத்தில் ஈ ஆடவில்லை.

ராசப்பன் செருப்பைக் கழற்றி, அம்மனை ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிமிழை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே முள் நடுங்கி நடுங்கி வடக்கே போய் நின்றது.

ராமபத்ரன் கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. "பாசி" என்றார். "என் பாசி எங்கே?"

மாரிச்செல்வம் திசைகாட்டியைப் பார்த்தான், புளியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பதினோரு மாதம் துப்பாக்கிக்கு முன்னால் உலை வைத்தவன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"இவளா!" ராமபத்ரனுக்கு மூச்சு திரும்பியது. "நடக்கட்டும் ஸ்டேஷனுக்கு!"

"தாராளமாப் போவோம்" என்றார் ராசப்பன். "எழுதும்போது எல்லாத்தையும் எழுதணும். திருட்டுச் சாமானுக்கு முன்னால சொந்தக்காரரே கண்ண மூடிக் கைகூப்பி நின்னாரு, முந்நூறு வருஷத்துச் சாமானை ஒரு முழத் தூரத்துல வச்சும் அடையாளம் தெரியல, திசைகாட்டி கெடைக்கணும்னு திசைகாட்டிக்கிட்டயே வேண்டிக்கிட்டாரு. ஷபானா, உன் பத்திரிகைக்காரன் நம்பர் இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. மூணு பத்தி தருவான். போட்டோவுக்கு மாமா இதே மாதிரி கும்பிட்டு நின்னாப் போதும்."

ராமபத்ரன் பழம்பொருள் வியாபாரி, எது விலை போகும், எது போகாது என்று தெரியாதவர் இல்லை. புகார்க் காகிதத்தை நாலாக மடித்தார்.

"கண்ணாடிப் பெட்டியிலேர்ந்து நழுவிக் கீழே விழுந்திருந்தது" என்றார். "நான்தான் சரியாப் பார்க்கல்லை."

"பாத்தியா, படிச்சவரு படிச்சவருதான்" என்றார் ராசப்பன்.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் கேஸைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியாது. பத்திரிகை இல்லை, போட்டோ இல்லை. இந்தத் தடவை முழங்கைகூடக் கிடையாது.

ஐந்து மணிக் கூட்டம் உள்ளே வந்தது. 'இன்று' பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்த ஜனம், வேறு வழியில்லாமல், பளபளவென்று மின்னும் ஒரு திசைகாட்டியைச் சுற்றிக் கூடியது. ராமபத்ரன் தொண்டையைச் செருமுவது முற்றம் வரைக்கும் கேட்டது.

மாரிச்செல்வம் பெஞ்சை விட்டு எழவில்லை. "உனக்கு என்னதான் வேணும், மூக்கு?" என்றான். கொள்ளைக்காரர்களிடம் கேட்ட அதே கேள்வியாக இருக்க வேண்டும்.

"மொதல்ல என் பதினோரு மாசத்தக் கேளு. நடுவுல பேசாத."

அவள் சொல்லச் சொல்ல, கை தட்ட ஆளில்லாத அந்தக் கதையை அவன் தலை குனிந்து கேட்டான். மெல்லிய மழை தகரத்தில் விழுந்தது. ராசப்பனும் ஷபானாவும் வாசல் வளைவுக்குள் ஒதுங்கி நின்றார்கள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார்கள், கேட்டது.

வெகுநேரம் கழித்து மாரிச்செல்வம் மூக்கை உறிஞ்சினான். "ஸ்நேஹா பொறந்தது தை மாசம் ஒன்பதாந் தேதி. இனிமே மறக்க மாட்டேன்." அவளை நிமிர்ந்து பார்த்தான். "போகட்டுமா?"

அவள் அடுப்பைத் தூண்டிவிட்டாள்.

"வேண்டாம்" என்றாள் மூக்கம்மாள்.

அவன் போனை எடுத்தான். கம்பெனிக்காரரிடம் நாலே வார்த்தை பேசினான். வைத்துவிட்டு ஒரு காகிதக் கப்பை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் சாயா ஊற்றினாள். கெட்டில் சத்தமே போடாமல் அடுப்பில் உட்கார்ந்தது.

ராசப்பன் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாய் மறுபடியும் கோணிக்கொண்டது.

"கொடுத்து வச்ச பய" என்றார். "அவன் போயிரக் கூடாதுன்னு திருட ஒருத்தி இருக்கா. நாப்பது வருசமா நானும் வீட்ட விட்டுக் கெளம்புதேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எவளாவது என் செருப்பையாவது ஒளிச்சு வச்சிருப்பாளா?"

ஷபானா குனிந்து அந்தச் செருப்பை ஒரு முறை பார்த்தாள்.

"ஒளிச்சு வச்சாலும் நாத்தம் காட்டிக் குடுத்துரும் அண்ணாச்சி" என்றாள். குடையை விரித்து, இரண்டு பேருக்கும் சரிபாதியாகப் பிடித்துக்கொண்டாள்.